விட்டுப்போன பதினேழு நிமிஷம்

அத்தியாயம் 22

லூர்து பிரகாஷ் தன் மனைவியைத் தடுக்கவில்லை. அதை அவரே வாய்விட்டுச் சொன்னார். பதினோரு நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில்: “போறதுன்னா போ ஷீலா. நான் தடுக்கல.”

ஆரோக்கிய ஷீலாவுக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. கூடலூர்ப் பக்கம், மலை ஊர். வருகிற திங்கட்கிழமை காலைக்குள் போய்ப் பொறுப்பேற்க வேண்டும். இல்லையென்றால் வேண்டாமென்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுப்பது அவளுக்குப் புதிதல்ல. முதல் தடவை பதவி உயர்வு வந்தபோது மாமியார் படுக்கையில் இருந்தார். இரண்டாவது தடவை கணவர் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தார். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆராய்ச்சி இன்னும் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது தடவை தான் காட்டிய பெருந்தன்மைக்கு ஒரு நன்றியாவது வரும் என்று லூர்து பிரகாஷ் அன்றைக்கு மூன்றாவது தோசையை மிக மெதுவாகத் தின்று பார்த்தார். வரவில்லை. ஷீலா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இன்று சனிக்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கு இருவரும் பங்குக் கோவில் மன்றத்தில், ஒரே மேஜைக்குப் பின்னால், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். கல்யாணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் எட்டு ஜோடிகளுக்கு முன்தயாரிப்பு வகுப்பு. அதற்கு வந்து சான்றிதழ் வாங்கினால்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்ட பிறகுதான் தாலி.

வகுப்பெடுக்கும் தம்பதியின் பெயரைப் போட்டு ஒரு மாதத்துக்கு முன்பே ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. ‘முன்மாதிரித் தம்பதியர்’ என்பது முழ நீள எழுத்தில். ஷீலாவின் நல்ல படம் கிடைக்காததால் வாக்காளர் அட்டைப் படத்தையே பெரிதாக்கியிருந்தார்கள். அதில் அவள் யாருக்கோ முடியாது என்று சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

“ஆஷ்லின், உங்கம்மாட்டக் கேளு, என் கதர் ஜிப்பாவக் காணோம்.”

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் இரண்டு நாள் ஓய்வெடுக்க வந்தவள், இந்த வீட்டின் தபால்காரியாகியிருந்தாள்.

“அம்மா, ஜிப்பாவக் காணோமாம்.”

“பீரோல ரெண்டாந்தட்டுன்னு சொல்லு.”

“ரெண்டாந்தட்டாம்ப்பா.”

“பாத்துட்டேன். அதுல பட்டன் இல்லன்னு சொல்லு.”

“ஏம்ப்பா, நீங்க நிக்கிற எடத்துக்கும் அம்மா நிக்கிற எடத்துக்கும் நாலடி. காதுல விழுகத்தான செய்யுது? நான் குளிக்கப் போறேன். நீங்களாச்சு, உங்க பட்டனாச்சு.”

லூர்து பிரகாஷ் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கூடத்திலிருந்து வாசலுக்குப் போனார். வாசலில் வேலை ஒன்றும் இல்லாததால் திரும்பி வந்தார். குறிப்புத் தாள்களை எடுத்தார், வைத்தார். படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கட்டில்மேல் பெட்டி. அதற்குள் ஒரு ஸ்வெட்டர். காரைக்குடியில் ஸ்வெட்டர் வாங்கியவள் திரும்பி வருகிற யோசனையில் இருப்பாளா? இதை யாரிடம் கேட்பது? தடுக்காதவர் கேட்கலாமா?

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவரைப் பற்றி ஊரில் தெரியாதவர்கள் இருந்தால் அவர்களுக்காக: பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பள்ளிக்கு வெளியே செவ்விழித் திரை ரசனைக் கழகத்தின் நிறுவனர், தலைவர், செயலாளர். பதிமூன்று உறுப்பினர்கள். அதில் எட்டுப் பேர் வாட்ஸப்பில் மட்டும் உயிரோடு இருப்பவர்கள். மற்றவர்கள் படம் பார்ப்பார்கள். அவர் பிரதியை வாசிப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள், அவர் குறிப்பெடுப்பார்.

அவர் கண்டெடுத்த புதையல் ‘நாலாவது விசில்’ என்ற படம். ஒன்பது வருஷத்துக்கு முன் வந்து, நாலே நாள் ஓடி, போஸ்டர் காய்வதற்குள் போன படம். பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு புருஷன் பெண்டாட்டியின் கதை. கண்ணில் நீர் முட்டும்போது சிரிப்பு வந்துவிடும் வகை. இப்படி ஒரு நல்ல படத்தை ஊர் கைவிட்டதே என்று அவர் கொதித்தது உண்மை. அதற்காக அவர் செய்த தொண்டும் உண்மை. ஆண்டுக்கு ஒரு தடவை வெளிவரும் ஒரு காலாண்டிதழில் பதினாலு பக்கக் கட்டுரை எழுதினார். தலைப்பு: ‘முடிவின்மையின் அழகியல்’.

படத்தில் மனைவி ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். வீட்டில் அடுப்பில் குக்கர். மூன்றாவது விசில் அடிக்கும். திரை இருண்டுவிடும். அவள் போனாளா, திரும்பினாளா, சொல்ல மாட்டார்கள். அந்த இருட்டைப் பற்றி மட்டும் லூர்து பிரகாஷ் மூன்று பக்கம் எழுதியிருந்தார். ‘ஒலிக்காத நாலாவது விசிலே இப்படைப்பின் உன்னதம்’ என்பது கடைசி வரி. இன்றைய வகுப்பில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி அவர் பேசுவதாக ஏற்பாடு.

கல்லூரிச் சாலையில் விக்னேஸ்வரனின் பட்டறை. மாடுலர் கிச்சன் செய்பவர். கழகத்தில் புரொஜெக்டர் வைத்திருக்கும் ஒரே ஆள் என்பதால் துணைத்தலைவர்.

“வாங்க சார். நானே போன் போடணும்னு இருந்தேன். அளவு இடிக்குது சார்.”

“என்ன அளவு?”

“படத்தோட அளவுதான். மொதல்ல ஒரு தாள் காட்டுறாகள்ல, சென்சார் சர்ட்டிபிகேட்டு? அதுல நூத்தி முப்பத்தி நாலு நிமிஷம்னு போட்டுருக்கு. நம்மகிட்ட இருக்கிற பைலு நூத்திப் பதினேழுதான். பதினேழு நிமிஷம் குறையுது.”

“அந்தத் தாளையெல்லாமாய்யா நீரு படிக்கிறீரு?”

“மொதல்ல அதத்தான சார் காட்டுறாக. அளவு பாக்காம நான் ஒரு பலகைய அறுக்க மாட்டேன். நீங்க பாக்கலயா?”

லூர்து பிரகாஷ் அந்தப் படத்தை ஆறு தடவை பார்த்திருக்கிறார். ஆறு தடவையும் சர்ட்டிபிகேட் வரும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அது… எடிட்டிங்ல கொறச்சிருப்பாக.”

“எடிட்டிங்கு முடிச்சுத்தான சார் சர்ட்டிபிகேட்டே குடுப்பாக? எங்கயோ இறக்கும்போது பைலு பாதியில அறுந்துருக்கு. நீங்க எழுதுனீகளே, படக்குன்னு இருட்டாயிரும், அது மூணு நாளைக்கு மண்டைக்குள்ள நிக்கும்னு? அது டைரக்டரு வச்ச இருட்டு இல்ல சார். பைலு தீந்து போச்சு.”

பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு நிமிஷம் ஒன்றும் கேட்காததுபோல் நிற்க முடிந்தது.

“முழுப்படம் எங்கயாச்சும் கெடைக்குமா?”

“மதுரையில ஒருத்தர்ட்டச் சொல்லி வச்சிருக்கேன். ஆனா ரெண்டு மணிக்குள்ள கெடைக்காது. ஏன் சார், அந்தப் படத்த நம்மூருத் தியேட்டர்ல யாருமே பாக்கலயா?”

பார்த்த ஒரு ஆள் உண்டு. லூர்து பிரகாஷுக்கு அது வண்டியைத் திருப்பும்போதே நினைவு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தப் படத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனவளே ஷீலாதான். இடைவேளைக்குப் பிறகு அவருக்கு ஒரு போன். ஆசிரியர் சங்கத் தேர்தல், தலைபோகிற விஷயம். வெளியே வந்து பேசினார், பேசினார், கூட்டம் வெளியேறும்வரை பேசினார். கூட்டத்தோடு ஷீலா வந்தாள். “முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார். “முடிஞ்சிருச்சு” என்றாள். எப்படி முடிந்தது என்று அவர் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, கட்டுரை எழுதும்போதும் கேட்கவில்லை. பிரதியை வாசிக்கிறவர் வீட்டு ஆளிடம் கதை கேட்பாரா?

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. ஆஷ்லின் கடைக்குப் போயிருந்தாள். தபால் நிலையம் மூடிவிட்டதால் நேரில்தான் பேச வேண்டும். ஷீலா கட்டிலில் உட்கார்ந்து ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நின்றார்.

“ஷீலா.”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஏதோ ஒரு கதவு திறக்கத் தயாராக இருந்தது. அது லூர்து பிரகாஷுக்கே தெரிந்தது. தெரிந்தும் அவர் கேட்டார்:

“அந்தப் படத்துல… கடைசில என்ன ஆகுது?”

“எந்தப் படத்துல?”

“நாலாவது விசில்.”

“பதினோரு நாள் கழிச்சு வாயத் தொறந்தது இதுக்குத்தானா?”

“இல்ல… நம்மகிட்ட இருக்கிற பைல்ல கடைசிப் பதினேழு நிமிஷம் இல்லயாம். ரெண்டு மணிக்கு வகுப்பு. அதான்.”

“நீங்கதான் எழுதியிருக்கீகளே, முடிவு இல்லாததுதான் முடிவுன்னு.”

“படிச்சியா?” அவர் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. இந்த நெருக்கடியிலும் வந்தது.

“பதினாலு பக்கமும் படிச்சேன். நானும் கூட வந்தேன்னு ஒரு வரி இருக்கும்னு தேடித்தேடிப் படிச்சேன்.” புடவை மறுபடி விரிந்து மறுபடி மடிந்தது. “அங்க வந்து சொல்றேன். கெளம்புங்க. பட்டன் தச்சு நாற்காலியில போட்டிருக்கு.”

மன்றத்தில் பங்குத்தந்தை சூசைமரியான் திருமணத் தடைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “ஓலையில பழைய தமிழ்ல ‘விக்கினம்’னு வரும். அதாவது தடை. இவுக கல்யாணத்துக்கு விக்கினம் ஏதும் இருந்தா இப்பவே எந்திரிச்சுச் சொல்லணும்.”

பின்வரிசையில் புரொஜெக்டர் வயரைச் சொருகிக்கொண்டிருந்த விக்னேஸ்வரன், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றார். “சொல்லுங்க ஃபாதர்.”

எட்டு ஜோடிகளும் சிரித்ததில் ஃபாதரும் சேர்ந்துகொண்டார். மேஜைக்குப் பின்னால் முன்மாதிரித் தம்பதியரில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

படம் ஓடத் தொடங்கியது. தெருவில் உள்ள மிக்ஸிகளையெல்லாம் பழுது பார்க்கிற ஒருவன். அவன் வீட்டு மிக்ஸி எட்டு மாதமாக ஓடவில்லை. இதை லூர்து பிரகாஷ் ‘உழைப்பிலிருந்து அந்நியமாதல்’ என்று எழுதியிருந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தன் வருங்காலக் கணவனின் தொடையில் கிள்ளினாள்.

“இது நீதான்.”

“எங்க வீட்ல மிக்ஸி நல்லாத்தான ஓடுது?”

“கல்யாணம் முடியட்டும், பாப்போம்.”

படத்தில் மனைவி பேசுவதே இல்லை. அவளுக்குப் பதில் குக்கர் பேசும். ஒரு விசில் என்றால் குளிக்கப் போ. இரண்டு என்றால் சாப்பிட வா. மூன்று என்றால் பக்கத்தில் வராதே. புருஷனின் சித்தப்பா விருந்துக்கு வந்து நாலு நாள் தங்கிவிட, இருவரும் அன்பாக இருப்பதுபோல் நடிக்க வேண்டிவரும். அந்த நடிகை சித்தப்பா பார்க்கும்போது சிரிப்பாள். அவர் தலை திரும்பியதும் அந்தச் சிரிப்பைக் கழுவிய தட்டுப்போலக் கவிழ்த்து வைப்பாள். மன்றமே சிரித்துப் புரண்டது. ஃபாதர் கண்ணைத் துடைத்தார். ஏழாவது தடவையாகப் பார்க்கும் லூர்து பிரகாஷுக்கு, இது சிரிப்புப் படம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓரக்கண்ணால் ஷீலாவைப் பார்த்தார். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் இந்தப் பக்கம் திரும்பி, “நல்லாருக்குல்ல டீச்சர்?” என்றார். “ரொம்ப நல்லாருக்கு ஃபாதர்.” ஃபாதர் திரும்பிக்கொண்டதும் தட்டு கவிழ்ந்தது.

மனைவி பஸ் ஏறினாள். குக்கர் கத்தியது. ஒன்று. இரண்டு. மூன்று. திரை இருண்டது.

“கரண்டு போயிருச்சா?” என்றான் ஒருவன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

லூர்து பிரகாஷ் பதினாலு பக்கத்தோடு எழுந்தார். பழக்கம் அவரை எழுப்பியது. “இந்த இருட்டைக் கவனிக்க வேண்டும். இந்த இருட்டு என்பது…”

பின்வரிசையில் விக்னேஸ்வரன் இருமினார். ஒரே ஒரு இருமல். அளவெடுத்த இருமல்.

ஷீலா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“படம் முடியல. இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு. நான் சொல்றேன்.”

எட்டு ஜோடிகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“அவ போயிர்றா. வேற ஊரு, ஹாஸ்டல்ல வார்டன் வேலை. இவன் வீட்ல தனியா. ஒரு வாரம் ஓட்டல்ல தின்னு பாக்குறான். எட்டாம் நாள் அரிசியக் கழுவிக் குக்கர்ல வைக்கிறான். எப்ப அமத்துறதுன்னு தெரியல. இத்தன வருசம் விசிலக் கேட்டுருக்கான், எண்ணுனது அவதான. போன் போடுறான். ‘நல்லாருக்கியா’ன்னு கூடக் கேக்கல. போனக் குக்கர் பக்கத்துல கொண்டுபோய் வைக்கிறான். அங்குட்டு அவ ஹாஸ்டல் மாடியில நிக்கிறா. ஒண்ணு. ரெண்டு. மூணு. இவன் கை அடுப்புக்குப் போகுது. ‘இருங்க, இன்னொண்ணு’ங்கிறா அவ. நாலாவது அடிக்குது. ‘இப்ப அமத்துங்க.’ அம்புட்டுத்தான் படம்.”

கிள்ளிய பெண் கையைத் தூக்கினாள். “அப்ப ரெண்டு பேரும் சேந்துட்டாகளா மேடம்?”

“சோறு வெந்துருச்சு,” என்றாள் ஷீலா. “அதுவரைக்கும்தான் காட்டுனாக.”

ஃபாதர் லூர்து பிரகாஷைப் பார்த்தார். “சார், நீங்க ஆராய்ச்சி செஞ்சவுக. ரெண்டு வார்த்த சொல்லுங்க.”

அவர் தாள்களைப் பார்த்தார். பிறகு மடித்தார். நாலாக மடிந்தும் அவை ஜிப்பாப் பைக்குள் போக மறுத்தன.

“எனக்கு இந்தப் படம் தெரியாதுங்க. நான் முழுசாப் பாக்கல. அவுகதான் பாத்தாக.”

கைதட்டல் எழுந்தது. என்ன அடக்கம் என்று நினைத்துவிட்டார்கள். அவருடைய ரசனை வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. அது காதுக்கு இதமாக இருந்ததை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பினார்கள். கூட வந்திருந்த ஆஷ்லின் கோவிலிலேயே தோழிகளோடு நின்றுவிட்டாள். ஷீலா நேரே போய்ப் பெட்டியைத் திறந்தாள். இந்தத் தடவை அவர் இரண்டு காலையும் உள்ளே வைத்தார்.

“ஒம்பது வருசமாச்சு. மாடி, போனு, எல்லாத்தையும் எப்பிடி இம்புட்டு ஞாபகம் வச்சிருக்க?”

“ஞாபகமா? நான் எங்க பாத்தேன்?”

“என்ன சொல்ற?”

“நீங்க போனத் தூக்கிட்டுப் போனீக. இப்ப வருவீக, இப்ப வருவீகன்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன், திரையப் பாக்கல. பெறகு எந்திரிச்சு வெளிய வந்தேன். நீங்க அங்குட்டுத் திரும்பி நின்னு செயலாளர் பதவி யாருக்குன்னு கத்திக்கிட்டு இருந்தீக. படியில உக்காந்துட்டேன். கூட்டம் வரவும் எந்திரிச்சேன். ‘முடிஞ்சிருச்சா’ன்னு கேட்டீக. முடிஞ்சிருச்சுன்னேன்.”

“அப்ப அந்தக் குக்கரு? இன்னொண்ணு, இருங்கன்னு சொன்னது?”

“அது நான் சொன்னது.”

லூர்து பிரகாஷ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். எட்டு ஜோடிகளுக்கு முன்னால், மைக் வைத்து, அவருக்கென்று ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. அதையும் அவர் படத்தின் கதை என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்தார். ஜன்னல்வரை போனார். திரும்பினார்.

“நாளைக்கு எத்தன மணிக்குப் பஸ்சு?”

பதினோரு நாளில் அவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

“எட்டே முக்காலுக்கு.”

“நான் வந்து ஏத்திவிடுறேன்.”

“தடுக்கலயா?”

“தடுக்கணும்னுதான் தோணுது,” என்றார். “அதான் வாரேன்.”

ஷீலாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. ஃபாதர் அங்கே இல்லை. யாருமே இல்லை. ஆனாலும் வந்தது, நின்றது.

போன் அடித்தது. விக்னேஸ்வரன். மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் அறைக்கே கேட்டது.

“சார்! மதுரைக்காரரு அனுப்பிட்டாரு சார்! நூத்தி முப்பத்தி நாலு நிமிஷம், கச்சிதமா இருக்கு. கடைசியப் பாத்துட்டேன். டீச்சர் சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். சொல்லவா?”

“வேண்டாம்,” என்றார் லூர்து பிரகாஷ். செவ்விழித் திரை ரசனைக் கழகத் தலைவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது கழக வரலாற்றிலேயே முதல் தடவை. “எங்க வீட்ல சொன்னதே போதும்.”

“இங்குட்டுக் குடுங்க,” என்று ஷீலா போனை வாங்கிக்கொண்டாள். “சொல்லுங்க விக்னேஸ்வரன்.”

கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை ‘உம்’ கொட்டினாள். மூன்றாவது ‘உம்’ வரவில்லை. “சரி, வைக்கிறேன்,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். பெட்டியின் மூடியை இறக்கப் போனவள், பாதியில் கையை எடுத்துவிட்டு நின்றாள்.

“என்னவாம்?” என்றார் அவர்.

“சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“சொன்னா, நாளைக்கு நீங்க பஸ் ஏத்திவிட வரமாட்டீக. தடுக்கத்தான் வருவீக.”